ஓபியெரோ வர வேண்டிய தூக்கம்

அடோயோ தூங்காதவள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. பஸ்ஸில் தூங்கினாள். டீ இடைவேளையில் பெஞ்சில் சாய்ந்து தூங்கினாள். ஒருமுறை கழிப்பறை வரிசையில் நின்றபடியே தூங்கி, முன்னால் நின்றவளின் முதுகில் போய் முட்டினாள். பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போது பிள்ளைக்கு முன்னால் அவளுக்குத்தான் கண் சொருகும். அவளுக்கு இல்லாமல் போனது கனவு. அதிலும் வேண்டிய கனவு. வேண்டாத கனவு ஒன்று நாள் தவறாமல் வந்துகொண்டுதான் இருந்தது. ரோஜாக் கனவு.

நைவாஷா ஏரியைச் சுற்றியிருக்கும் பூப்பண்ணைகளில் ஒன்றில் அவளுக்கு ரோஜா தரம் பிரிக்கும் வேலை. ஆறு வருஷமாயிற்று. பூ என்றதும் மணத்தை நினைக்கிறவர்கள் அந்தக் கொட்டகைக்குள் ஒரு நாள் வந்து நிற்க வேண்டும். மருந்து வாடையும் ஈர அட்டைப்பெட்டி வாடையும்தான் மூக்கில் ஏறும். குளிர் எலும்பைத் துளைக்கும். மேஜையில் அளவுகோல் பதித்திருக்கும். தண்டை அதன்மேல் கிடத்தி நீளம் பார்க்க வேண்டும், மொட்டின் பருமன் பார்க்க வேண்டும், இலையில் புள்ளி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், கழுத்து வளைந்ததைத் தூக்கி வீச வேண்டும். தேறியதைப் பத்துப் பத்தாகச் சேர்த்துக் கட்டுக்காரியிடம் தள்ள வேண்டும். மணிக்கு எண்ணூறு தண்டு. ஒரு தண்டுக்கு ஐந்து நொடிகூடக் கிடையாது. தலையை நிமிர்த்தினால் இரண்டு தண்டு போச்சு. அதனால் யாரும் நிமிர்வதில்லை. எதிரில் நிற்கும் நெக்கேசாவை அடோயோ பாதி நாள் கையுறையின் கிழிசலை வைத்துத்தான் அடையாளம் கண்டாள்.

மற்ற மாதங்களில் இது பிழைக்கக்கூடிய வேலை. ஜனவரி கடைசியில் அது வேறாகிவிடும். வெளிநாட்டில் காதலிக்கிறவர்கள் வருஷம் முழுக்க என்ன செய்துகொண்டிருக்கிறார்களோ தெரியாது, எல்லோருக்கும் ஒரே நாளில் காதல் வந்து தொலைக்கிறது. அந்த ஒரு நாளுக்காக இங்கே பதினெட்டு இருபது நாள் ஆயிரக்கணக்கான பெண்கள் பொட்டுத் தூக்கம் இல்லாமல் நிற்க வேண்டும். காலை நாலேகாலுக்கு எழுந்தால் ஐந்து மணி பஸ். திரும்பி வரும்போது பிள்ளை தூங்கி இரண்டு மணி நேரமாகியிருக்கும்.

வந்து படுத்தவுடனாவது தூங்கலாம் இல்லையா? அங்கேதான் போன் இருக்கிறது. மறுநாள் யார் எந்த வரிசை, யார் இன்றைக்கு எண்ணிக்கையில் விழுந்தார்கள் என்று மேற்பார்வைக்காரி வாட்ஸ்அப் குழுவில் பட்டியல் போடுவாள். விழுந்தவர்கள் பெயருக்கு எதிரே ஒரு சிவப்பு வட்டம். மூன்று வட்டம் வாங்கினால் அடுத்த மாதம் வர வேண்டாம் என்று அர்த்தம். அந்தப் பட்டியல் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஆகவே அடோயோ இருட்டில் போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு கிடப்பாள். பட்டியலைப் பார்த்த பிறகும் தூக்கம் வராது. பகலில் கண் சொருகாமல் இருக்க அவள் குடித்த ஐந்து குவளைக் கறுப்பு டீ அதற்குள் வேலையைக் காட்ட ஆரம்பித்திருக்கும். கடைசியில் எப்படியோ கண் மூடினால் தண்டு தண்டாக ரோஜா வரும். பத்து. பத்து. பத்து. தூக்கத்தில் அவள் கை போர்வையை அளந்துகொண்டிருக்கும். நாலேகாலுக்கு எழும்போது ஒரு ஷிப்ட் பார்த்துவிட்டு எழுந்த அலுப்பு இருக்கும்.

வேறு வருஷமாக இருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பாள். இந்த வருஷம் மடியில் நாலு மாதப் பிள்ளை இருந்தது. அதற்குப் பெயர் வேண்டும்.

அவர்கள் லுவோ இனத்தவர். லுவோ வீட்டுப் பிள்ளைக்கு இரண்டு பெயர். ஒன்று பிறக்கும்போதே நேரம் கொடுத்துவிடும். மழை கொட்டும்போது பிறந்ததால் இவன் ஓக்கோத். மற்றது செத்தவர்கள் கொடுக்க வேண்டியது. குடும்பத்தில் போனவர் யாராவது கனவில் வந்து என் பெயரை வை என்று கேட்பார். கேட்டால் மறுக்கக் கூடாது. கேட்கிறவர் வரும்வரை பிள்ளை அழுதுகொண்டே இருக்கும். சரியான பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் சட்டென்று நிறுத்தும்.

ஓக்கோத் விடாமல் அழுதான்.

யார் வர வேண்டும் என்பதில் அடோயோவுக்குச் சந்தேகமே இல்லை. அவள் அண்ணன் ஓபியெரோ. அப்பா அம்மா இல்லாத வீட்டில், பிறந்த ஊரான உயோமாவின் ஏரிக்கரையில் மீன் பிடித்து அவளை வளர்த்தவன். மூன்று வருஷத்துக்கு முன் அந்த ஊர்ப் பெரிய ஏரியில் அவன் போன படகு கவிழ்ந்தது. மற்ற இருவரும் கரையில் ஒதுங்கினார்கள். அவன் ஒதுங்கவில்லை. பதினோரு நாள் பார்த்துவிட்டு, வழக்கப்படி உடலுக்குப் பதிலாக யாகோ மரத்தின் நீளக் காயைத் துணியில் சுற்றிக் குழியில் வைத்து மூடினார்கள். கல்யாணம் ஆகாதவன். பிள்ளை இல்லாதவன். அப்படிப்பட்டவன் பெயரை யாரும் தானாக எடுத்து வைக்கமாட்டார்கள். அவனே வந்து வாய் திறந்து கேட்டால்தான் உண்டு. கேட்காவிட்டால் உலகத்தில் அவனுக்கென்று மிஞ்சுவது அந்தக் குழியில் அழுகும் காய்தான்.

பிப்ரவரி இருபதாம் தேதி புருஷனுடைய ஊரான அலேகோவுக்குப் போவதாக ஏற்பாடு. அங்கே பெரியவர்கள் கூடிப் பெயரைச் சொல்லிவிடுவார்கள். அதற்குள் ஓபியெரோ வந்தாக வேண்டும். இருபது நாளில் அவன் நுழைய எங்காவது ஒரு நல்ல தூக்கம் கிடைத்தாக வேண்டும். அதில் பாதிக்கு மேல் ரோஜா நாள்.

போட்டி வேறு இருந்தது. புருஷன் ஒலுவோச்சின் அக்கா அவுவோர் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து வந்திருந்தாள். நல்லவள். பிள்ளையைக் கீழே விடமாட்டாள். ஆனால் அவளுக்கு வாய்த்த தூக்கம் இருக்கிறதே, படுத்தால் கட்டை. கூரைத் தகரம் பறந்தாலும் தெரியாது. காலையில் கஞ்சி கிண்டிக்கொண்டே சினிமாக் கதை போலக் கனவு சொல்லுவாள்.

"நேத்து அப்பா வந்தாரு. வாசல்ல நின்னாரு. ஒண்ணும் பேசல. தொப்பிய மட்டும் கழட்டிக் கையில வெச்சிருந்தாரு."

அப்பா என்றால் அடோயோவின் மாமனார் ஞாங்வேசோ. ஏற்கெனவே இரண்டு பேரன்களுக்கு அவர் பெயர். உயிரோடு இருந்தவரை அடோயோவை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "மீன் நாத்தத்து வீட்டுப் பொண்ணு" என்பார்.

"அவருக்குத்தான் ரெண்டு பேரு இருக்காங்களே மதினி" என்றாள் அடோயோ, பஸ்ஸுக்கு ஓடியபடி.

"நான் என்னடி பண்ண? நானா கூப்பிட்டேன்? உன் அண்ணன் வந்தா வேணாம்னா சொன்னோம்? வரச் சொல்லு."

"எனக்கு எங்க மதினி தூக்கம்?"

"அந்தப் போனக் கட்டிக்கிட்டுப் படுத்தா அண்ணனா வருவான்? சூப்பர்வைசர்தான் வருவா."

பண்ணை மருந்தகத்தில் இருந்த நர்ஸும் ஏறக்குறைய அதையேதான் சொன்னாள். தலைவலி மாத்திரைக்குப் போன அடோயோ, வெட்கத்தை விட்டு, கனவு வர மருந்து உண்டா என்று கேட்டாள். நர்ஸ் சிரிக்கவில்லை. மத்தியானத்துக்கு மேல் டீ குடிக்காதே, படுக்கும்போது போனைப் பார்க்காதே, மனசைப் போட்டு உழப்பாதே, விடியப்போகிற நேரத்துத் தூக்கத்தில்தான் கனவு நிறைய வரும், அதனால் ஏழு மணி நேரமாவது விடாமல் தூங்கு என்றாள்.

"ஏழு மணி நேரமா?"

"ஏழு."

"சிஸ்டர், விடியறதுக்கு முன்னாடி நான் பஸ்ல இருக்கேன்" என்றாள் அடோயோ. நர்ஸ் தலைவலி மாத்திரையைக் கொடுத்தாள். அவளும் அதே பஸ்ஸில்தான் வந்தாள்.

இருந்தாலும் முயன்று பார்த்தாள். டீயை இரண்டு குவளையாகக் குறைத்தாள். மூன்று மணிக்குக் கண்ணை இழுத்துக்கொண்டு போய், நீளத் தண்டையும் குட்டைத் தண்டையும் ஒரே கட்டில் கலந்துவிட்டாள். முதல் சிவப்பு வட்டம் விழுந்தது. போனை அவுவோரிடம் கொடுத்துவிட்டுப் படுத்தாள். பட்டியலில் தன் பெயர் இருக்குமோ என்ற பயத்தில் போன் இருக்கும் பக்கமே காதை வைத்துக் கிடந்தாள். அண்ணனுடைய பழைய ஸ்வெட்டரை மடித்துத் தலைக்கு வைத்தாள். வேண்டினாள், கெஞ்சினாள், ஒரு நாள் திட்டவும் திட்டினாள். பத்து. பத்து. பத்து. ரோஜாவைத் தவிர யாரும் வரவில்லை.

"தூங்கும்போதும் வேலை பாக்குறியே, அதுக்கு ஓவர்டைம் கேளு" என்றாள் நெக்கேசா.

அடோயோவுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அழுகை வந்தது. இரண்டுக்கும் சேர்த்து நாலு தண்டு போயிற்று.

ஒன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. அரை நாள் வேலை. மத்தியானம் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து உகாலிக் களியும் பொடிமீன் குழம்பும் சாப்பிட்டார்கள். பிள்ளை அவுவோரின் தோளில் கிடந்து கத்திக்கொண்டிருந்தான். அவுவோர் அவனைத் தட்டிக்கொண்டே சாவகாசமாகச் சொன்னாள்.

"தம்பி, அப்பா மறுபடியும் வந்தாரு. இந்தத் தடவ வாசல்ல நிக்கல. உள்ள வந்து கட்டில்ல உக்காந்துட்டாரு. இன்னொரு தடவ வந்தா முடிஞ்சுது. பேரு அவரோடதுதான்."

ஒலுவோச் மனைவியைப் பார்த்தான். அவனுக்கு ஓபியெரோவைப் பிடிக்கும். ஆனாலும் செத்தவர் விஷயத்தில் அவன் என்ன செய்ய முடியும்?

"என்ன நியார் உயோமா, உன் பக்கம் ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டான். பிறந்த ஊர்ப் பெண்ணே என்று கூப்பிட்டால் அவன் அன்பாக இருக்கிறான் என்று பொருள்.

அந்த அன்புதான் அவளைக் கெடுத்தது. அதட்டியிருந்தால் பேசாமல் இருந்திருப்பாள்.

"வந்தான்" என்றாள். "அண்ணன் வந்தான். நேத்து."

"நேத்தா? காலையில சொல்லவே இல்லையே?" என்றாள் அவுவோர்.

"பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சு மதினி."

"எப்படி இருந்தான்?"

"சட்டையெல்லாம் ஈரம்."

"என்ன சொன்னான்?"

வாயைக் கொடுத்தாயிற்று, இனி பின்வாங்க முடியாது. அடோயோ தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "என்னைய எங்க வெச்சிருக்கன்னு கேட்டான். எனக்கு எடமே இல்லையான்னு கேட்டான்."

ஒலுவோச் புறங்கையால் கண்ணைத் துடைத்தான். அவுவோர் கெட்டிக்காரி, எதையும் சோதித்துப் பார்க்கிறவள். பிள்ளையைத் தோளிலிருந்து எடுத்து இரண்டு கையாலும் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

"ஓபியெரோ!" என்றாள் உரக்க. "ஓபியெரோ, நீயாப்பா?"

பிள்ளை அழுகையை நிறுத்தினான்.

அவுவோர் குலவையிட்டாள். அக்கம்பக்கத்து வரிசை வீடுகளிலிருந்து பெண்கள் ஓடி வந்தார்கள். அவள் தன் அப்பாவை அந்த நிமிஷமே விட்டுக்கொடுத்துவிட்டாள். அவளுக்கு அதில் கள்ளம் கிடையாது. கேட்டவனுக்குக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஒலுவோச் ஊருக்குப் போன் போட்டுச் சித்தப்பாவிடம் சொன்னான். இருபதாம் தேதிவரை காத்திருக்கத் தேவையில்லை, பெயர் வந்துவிட்டது என்றான். அங்கேயும் யாரோ குலவையிட்டது போனில் கேட்டது.

பிள்ளைக்கு விக்கல் வந்திருந்தது. விக்கல் எடுத்தால் எந்தப் பிள்ளையும் அழுகையை நிறுத்தும். அதை அடோயோ ஒருத்திதான் பார்த்தாள்.

நினைத்தது நடந்துவிட்டது. அவளுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது பயம். வராதவனை வந்தான் என்று சொன்னவள் அவள். சாமானியப் பொய்யா அது? உயிரோடு இருப்பவர் சொல்லாததைச் சொன்னார் என்றால் அவர் வந்து சண்டை போடுவார். செத்தவன் என்ன செய்வான்? ஒருவேளை அவனுக்கு இந்த வீட்டில் பிறக்க விருப்பம் இல்லையோ என்னவோ. ஒருவேளை அவன் வரும் வழியில் இருந்து, தன் பெயரைச் சொல்லிவிட்டார்கள் என்று கேட்டுத் திரும்பிப் போயிருந்தால்?

இதுவரை தூக்கத்தைத் தேடி அலைந்தவள் இப்போது தூக்கத்தைக் கண்டு ஒளிய ஆரம்பித்தாள். டீ மறுபடியும் ஐந்து குவளையாயிற்று. வீட்டுக்கு வந்து ஆறாவதும் போட்டாள். பட்டியல் வந்த பிறகும் போனைக் கீழே வைக்காமல், யார் யாரோ சமைப்பதையும் யார் யாரோ ஆடுவதையும் பார்த்துக்கொண்டு கிடந்தாள். கண் மூடினால் அவன் வந்து, நான் எப்போதடி சொன்னேன் என்று கேட்டுவிடுவான் என்று நடுங்கினாள். மேஜையில் அவள் விரல் வெட்டுப்பட்டது. இரண்டாவது சிவப்பு வட்டமும் விழுந்தது. "மச்சான் பேரை வெச்சும் உன் மூஞ்சியில களையே இல்லையே" என்றான் ஒலுவோச். பிள்ளையும் அழுகையை விட்டபாடில்லை. பல் முளைக்கிற அழுகை என்று அவுவோர் தீர்த்துவிட்டாள். பெயர் வந்த பிறகு அழுதால் வேறு காரணம்தானே இருக்க வேண்டும்.

பன்னிரண்டாம் தேதி கடைசி லாரி கிளம்பிற்று. கொட்டகையைக் கழுவிவிட்டு மறுநாள் எல்லோருக்கும் விடுமுறை என்றார்கள். பதிமூன்றாம் தேதி காலை பத்து மணிக்கு அடோயோ துணி துவைக்க வாளியைத் தூக்கினாள். கால் மடங்கியது. அவுவோர் வாளியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"போய்ப் படுடி. செத்தவ மாதிரி இருக்க. பிள்ளைய நான் பாத்துக்கறேன். போனக் குடு இங்க."

அடோயோவுக்கு எதிர்த்துப் பேசத் தெம்பில்லை. வெளியே வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. ஜன்னலுக்குத் துணி கட்டிவிட்டுப் போனாள் அவுவோர். அடோயோ எப்போது தூங்கினாள் என்று அவளுக்கே தெரியாது.

கொட்டகையில் நின்றுகொண்டிருந்தாள். தண்டு வந்துகொண்டே இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. மேஜையில் தண்ணீர் சொட்டியது. பெட்டியில் ஈரம் பட்டால் பூ அழுகிவிடும். எந்தக் கழுதை ஈரத்தோடு வந்து நிற்கிறது என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. எதிரே நெக்கேசாவின் கையுறை இல்லை. வெறும் கை. வலைக்கயிறு அறுத்த தழும்புகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடிய ஆண் கை. அந்தக் கை அளவுகோலின்மேல் மெதுவாக வந்து அமர்ந்தது.

"அடோ" என்று கூப்பிட்டான்.

அவளை அப்படிக் கூப்பிட உலகத்தில் ஒருவன்தான் இருந்தான்.

"இரு" என்றாள் அவள். "இந்தப் பத்த முடிச்சுட்டு வர்றேன்." அவன் கையைச் சற்று ஒதுக்கிவிட்டு அடுத்த தண்டைக் கிடத்தினாள். ஐந்து. ஆறு. அவன் பேச ஆரம்பித்தான். அவசரப்படாமல், சின்ன வயதில் வலையைச் சிக்கெடுத்துக்கொண்டே அவளிடம் பேசுவானே, அந்தக் குரலில் நிறுத்தி நிறுத்திப் பேசினான். நிறைய பேசினான். ஏழு. எட்டு. எண்ணிக்கை தவறிவிடக் கூடாதே என்று அவள் வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். அதனால் ஒரு வார்த்தையும் காதில் ஏறவில்லை. ஒன்பது. கடைசியில் அவன் ஏதோ கேட்டான் என்று மட்டும் தெரிந்தது. குரல் கேள்வியாக முடிந்தது. அவள் பதிலுக்காக அவன் காத்து நின்றான். பத்து. கட்டைத் தள்ளிவிட்டு நிமிர்ந்தாள்.

மேஜை ஈரமாக இருந்தது.

விழித்தபோது சாயங்காலம் ஆகியிருந்தது. உடம்பு லேசாக இருந்தது. மாதக்கணக்கில் இல்லாத நல்ல தூக்கம் தூங்கியிருக்கிறாள். அது தெரிந்ததும் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழ வேண்டும்போல இருந்தது. ஏழு மணி நேரம். அவன் வர எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு. வந்தான், நின்றான், கேட்டான். என்ன கேட்டான்? பெயர் வைத்ததற்குச் சந்தோஷப்பட்டானா, என் பெயரை ஏன் திருடினாய் என்றானா, குளிர்கிறது என்றானா? மறுபடியும் கண்ணை இறுக மூடிக் கிடந்து பார்த்தாள். விழித்த கண் விழித்ததுதான்.

முற்றத்தில் அவுவோர் பிள்ளையைக் கொஞ்சிக்கொண்டிருந்தாள். "ஓபியெரோ, என் ராசா, அம்மா எழுந்துட்டாளாடா?" ஒலுவோச் வேலையிலிருந்து வந்து தின்பண்டப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தான். அவள் வெளியே வந்ததும் எண்ணெயில் பொரித்த மண்டாஸி ஒன்றை எடுத்து நீட்டினான்.

"ஏழு மணி நேரமாத் தூங்கியிருக்க. எழுப்பாதேன்னு அக்கா கதவுகிட்டயே உக்காந்திருந்தா" என்றான். பிறகு ஆசையாகக் கேட்டான். "என்ன, மச்சான் வந்தானா? பேர் வெச்சதப் பத்தி ஏதாவது சொன்னானா?"

அவுவோரும் கொஞ்சுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். அடோயோ வாயைத் திறந்தாள். இப்போதுதான் வந்தான் என்று சொன்னால், அன்றைக்கு வந்தவன் யார் என்று கேட்பார்கள். என்ன சொன்னான் என்றும் கேட்பார்கள். எண்ணிக்கொண்டிருந்தேன், காதில் விழவில்லை என்று எந்த வாயால் சொல்லுவாள்?

"யாரும் வரல" என்றாள்.

"நல்லதுதான்" என்றாள் அவுவோர் திருப்தியாக. "கேட்டது கிடைச்சாச்சு. அப்புறம் அவனுக்கு இங்க என்ன வேல? இனிமே வரமாட்டான்."

அடோயோ பிள்ளையை வாங்கி மடியில் போட்டு தோள் துணியால் தன் முகத்தை மறைத்துக்கொண்டாள். பால் கொடுக்கிறாள் என்று நினைத்து இருவரும் அந்தப் பக்கம் திரும்பிப் பேச ஆரம்பித்தார்கள். மார்ச் எட்டுக்கு மகளிர் தினமாம், அதற்கும் பூ வேண்டுமாம், திங்கள்கிழமையிலிருந்து மறுபடியும் ஐந்து மணி பஸ் என்று குழுவில் போட்டிருப்பதாக ஒலுவோச் சொன்னான்.